கேட்டுச் செய்கிற மஞ்சள்

குளோரிக்கு நீந்தத் தெரியாது. கடற்கரையில் பிறந்து, கடற்கரையிலேயே நாற்பத்தேழு வயதையும் எட்டியவள், முழங்காலுக்கு மேல் உப்புத்தண்ணீரை ஏறவிட்டதில்லை. ஊரில் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும். முட்டத்துக்கு மேற்கே இரண்டு ஊர் தள்ளி இருக்கிற அந்தத் துறையில், நூறு மைலுக்கு அப்பால் கிடக்கிற எந்த முரட்டு ஆளும் கரையிலிருந்து வருகிற ஒரு குரலுக்கு மட்டும் மறுபேச்சுப் பேச மாட்டான். அது குளோரியின் குரல்.

மீன் ஏலக்கூடத்தின் மாடியில் விசைப்படகுச் சங்கத்தின் வயர்லெஸ் அறை. அங்கே இருபத்துமூன்று வருஷமாக அவள்தான். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை படகுகளைக் கூப்பிட்டு, எங்கே நிற்கிறார்கள் என்று கேட்டுப் பெரிய நோட்டில் எழுதுவாள். வானிலை அறிக்கை வந்தால் படித்துச் சொல்வாள். கரையிலிருந்து பேசினால் பக்கத்துப் படகுக்குத்தான் நேராகக் கேட்கும். அது தனக்கு அப்பால் நிற்கிற படகுக்குச் சொல்லும், அந்தப் படகு அடுத்ததற்குச் சொல்லும். இப்படிப் படகு படகாகத் தாண்டித்தான் அவள் சொல் ஆழ்கடலுக்குப் போக வேண்டும். நடுவில் ஒரு படகு இல்லாமல் போனால், அதற்கு அப்பால் நிற்கிறவனுக்குக் கரையிலிருந்து ஒரு சத்தமும் எட்டாது.

இதில் ஒரு கூத்து உண்டு. படகை ஓட்டுகிறவனை அங்கே ஸ்ராங்கு என்பார்கள். எந்த ஸ்ராங்கும் தான் நிற்கிற இடத்தை உள்ளபடி சொல்ல மாட்டான். சொன்னால் மீன் கிடக்கிற இடம் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடுமே! அடுத்த நாளே பத்துப் படகு வந்து சுற்றி நின்றுகொள்ளும். ஆகவே வயர்லெஸில் எல்லாரும் பொய் சொல்வார்கள். ரிஜோ என்று ஒரு ஸ்ராங்கு, நின்ற இடத்திலிருந்து முப்பது மைலைக் கிழக்கே தள்ளிச் சொல்வான். வேறொருவன் தெற்கே நின்றுகொண்டு மேற்கே என்பான். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர்கள்தான், பாவசங்கீர்த்தனம் செய்கிறவர்கள்தான். ஆனால் இதை ஒரு பாவம் என்று சாமியாரிடம் சொன்னவன் அந்த ஊரில் ஒருவன்கூட இல்லை.

உண்மையைப் பெண்டாட்டியிடம் மட்டும் சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்கள். அவள் ஏலக்கூடத்துக்கு வருகிற சாக்கில் மாடியேறி, கதவைச் சாத்திவிட்டு, குளோரியின் காதில் சொல்லிப் போவாள். நாகர்கோவில் நகைக்கடை ஒன்றில் கொடுத்த சின்ன டைரியில் குளோரி அதைக் குறித்துக்கொள்வாள். கைப்பையில் ஜெபமாலைக்கு அடியில் கிடக்கும் அந்த டைரி. காற்று மாறினால் பெரிய நோட்டை அவள் திறப்பதே இல்லை. டைரியைப் பார்த்துத்தான் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். எத்தனை பேர் அந்த டைரியால் கரை சேர்ந்தார்கள் என்று அவளும் சொன்னதில்லை, அவர்களும் கேட்டதில்லை.

அந்த டைரியில் எபிசன் பெயரும் உண்டு. அவளுடைய ஒரே தம்பி. அவனுக்கு மூன்று வயதிருக்கும்போது அம்மா போய்விட்டாள். பதினாலு வயதுக் குளோரிதான் குளிப்பாட்டி, சோறூட்டி, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போய் வளர்த்தாள். பத்தாம் வகுப்பில் தோற்றதும் அவன் கடலில் இறங்கினான். அன்றைக்கு அவள் அழுத அழுகையை ஊரே கேட்டது. இப்போது அவன் 'சகாயமாதா' படகின் ஸ்ராங்கு, முப்பத்தாறு வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அந்த வருஷம் ஆவணியில் தெற்கே வெகு தூரத்தில் கணவாய் மீன் குவிந்து கிடக்கிற ஓர் இடத்தைக் கண்டுபிடித்திருந்தான். கூட்டுக்கு யாரையும் சேர்க்காமல் தனியாகவே போய் வந்தான். வயர்லெஸில் கேட்டால், "கொல்லத்துக்கு நேர் மேக்கே, அறுவது" என்பான், குரலில் ஒரு நடுக்கமும் இல்லாமல்.

ஏஐ வந்தது அந்தச் சமயத்தில்தான்.

அதைக் கொண்டுவந்தவர் சங்கச் செயலாளர் ஷாஜன். குற்றம் சொல்ல முடியாது, நல்ல மனுஷன். முந்தின வருஷம் குளோரி காய்ச்சலில் கிடந்த ஒரு நாள் ஷாஜனே மைக்கைப் பிடித்து, தெற்கே வந்த காற்றுக்கு மேற்கே நின்றவர்களையும் சேர்த்துக் கூப்பிட்டுவிட்டார். பாதித் தொழிலில் திரும்பி வந்தவர்கள் ஏலக்கூடத்தில் வைத்து அவரைப் பிய்த்து எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவருக்கு ஒரே பயம்.

"குளோரியக்கா, ஒங்களுக்கு ஒருநாள் தலவலி வந்தா அறுவது படகும் என்ன செய்யும்? ஆள மாத்திவிட ஆளு வேணும்லா?" என்றார்.

அந்த மாற்று ஆளைக் கொண்டுவர நாகர்கோவிலிலிருந்து சுஜின் வந்தான். சுசீந்திரத்துப் பையன், கம்ப்யூட்டர் கம்பெனி நடத்துகிறவன், நெற்றியில் சந்தனம், தோளில் லேப்டாப் பை. இரண்டு ஏஐ ஏஜென்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தந்தான். ஒரு மாதம் இரண்டையும் ஓட்டிப் பார்த்து, எது வேண்டும் என்று குளோரிதான் சொல்ல வேண்டும். அவற்றுக்கு நீளமாக இங்கிலீஷ் பெயர்கள் இருந்தன. சங்கத்தில் ஒருவர் வாயிலும் அவை நிற்கவில்லை. திரையின் நிறத்தை வைத்து ஒன்றை மஞ்சள் என்றார்கள், மற்றதை நீலம் என்றார்கள்.

"அக்கா, இது கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிட்டுச் சும்மா இருக்கற சாதனம் இல்ல கேட்டியளா? வேலையச் செய்யும். அறிக்கை வந்தா வாசிக்கும், எந்தப் படகு எங்க நிக்குதுண்ணு பாக்கும், வயர்லெஸ்ல அதுவே பேசும். திரும்பிப் பேசினா எழுதி வைக்கும்" என்றான் சுஜின்.

"அப்பம் எனக்கு என்ன வேல?"

"நீங்கதான் மேஸ்திரி. அது கையாளு."

குளோரி சிரித்தாள். அந்தச் சிரிப்பு மூன்று நாள்தான்.

மூன்றாம் நாள் கள்ளக்கடல் அறிவிப்பு வந்தது. அது காற்றில்லாமல் கரையில் வந்து ஏறுகிற பெரிய அலை. கரையில்தான் அதன் ஆட்டமெல்லாம். ஆழத்தில் நிற்கிற படகுக்கு அதனால் ஒரு தொந்தரவும் கிடையாது, சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நீலத்துக்குத் தெரியவில்லை. யாரையும் கேட்காமல், கண் மூடித் திறப்பதற்குள் எட்டுப் படகுகளைக் கூப்பிட்டு உடனே கரைக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டது. அலை அடிக்கிற இடத்துக்கே வரச் சொல்கிற புத்தியை என்னவென்று சொல்ல! குளோரி மைக்கைப் பறித்துக் கத்தி, எட்டுப் பேரையும் நிறுத்தினாள்.

மஞ்சளுக்கு வேறு குணம். எதைச் செய்யும் முன்னும் கேட்கும். 'காலை அறிக்கையைப் பதினேழு படகுகளுக்குச் சொல்லட்டுமா?' என்று எழுதிக் காட்டும். கீழே 'ஆம்', 'வேண்டாம்' என்று இரண்டு பொத்தான். அமுக்கினால்தான் நகரும். முதல் வாரம் குளோரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தாள். ஒரு நாளைக்கு நூற்றுமுப்பது, நூற்றுநாற்பது கேள்வி. 'நேரத்தைக் குறிக்கட்டுமா?' 'பதில் வராத படகை இன்னொரு தடவை கூப்பிடட்டுமா?' எல்லாம் சரியான கேள்விதான். எல்லாவற்றுக்கும் 'ஆம்' தான் பதில். இரண்டாம் வாரம் பாதி படித்தாள். மூன்றாம் வாரம் மீன் விலையைப் பேசிக்கொண்டே அமுக்கினாள். அதை சுஜினும் பார்த்தான்.

"அக்கா, வாசிச்சிட்டு அமுக்கணும்."

"ஒன் மஞ்சளு எனக்க மாமியாவ விட மோசம், மக்கா. மூச்சு விடட்டாண்ணு மட்டும்தான் கேக்கல" என்றாள். அறையில் எல்லாரும் சிரித்தார்கள். சுஜினும் சிரித்தான்.

மாதக் கடைசியில் அவளிடம் கேட்டார்கள். யோசிக்கவே இல்லை. "கேட்டுச் செய்யறது போதும். கேளாம செய்யறத கொண்டு போயிருங்க" என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்பதற்கு அவள் மட்டும் அறிந்த இன்னொரு காரணமும் இருந்தது. பெரிய நோட்டில் இருக்கிற பொய்களைத்தான் மஞ்சளுக்கு ஊட்டியிருந்தாள். அது ஏதாவது பிசகாகச் செய்யப் போனால் முதலில் கேட்கும், கேட்டால் டைரியைப் பார்த்துத் தடுத்துவிடலாம். இதுதான் அவள் கணக்கு.

சுஜின் கேட்காமல் இல்லை. கடைசி நாளில், கேபிளைச் சுருட்டிக்கொண்டே கேட்டான். "அக்கா, படகு நிக்குற எடம் எல்லாம் செரிதானே? அத வச்சித்தான் இது யாருக்குச் சொல்லணும், யாருக்கு வேண்டாம்ணு முடிவு செய்யும்."

குளோரி குரலைத் தாழ்த்தினாள். "மத்தவங்க பாக்காத மாதிரி தனியாட்டு எழுத ஒரு எடம் உண்டுமா இதுல?"

"இல்லக்கா. மேப் எல்லா உடமஸ்தருக்க போன்லயும் தெரியும். சங்கம் அப்படித்தான் கேட்டாவ. தனியாட்டு வேணும்னா வேற பிளான் எடுக்கணும்."

ஷாஜன் பக்கத்திலிருந்தார். "அதெல்லாம் அடுத்த வருஷம் பாப்போம்" என்றார்.

உண்மையை எழுதினால் எபிசனின் கணவாய் அறுபது போன்களில் தெரியும். தம்பி மட்டுமா, இருபத்துமூன்று வருஷமாகக் கதவைச் சாத்திவிட்டுக் காதில் சொன்ன அத்தனை பெண்களும் அவள் முகத்தில் விழிக்க மாட்டார்கள். நெல்வயலுக்கு நடுவில் வளர்ந்த இந்தப் பையனுக்கு இதையெல்லாம் எப்படிச் சொல்வது? சொல்லியிருக்கலாம். ஐயோ, சொல்லியிருக்கலாமே!

"எல்லாம் செரிதான் மக்கா" என்றாள் குளோரி.

அதன் பிறகு இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. மஞ்சளைக் குளோரியின் போனிலும் ஏற்றித் தந்திருந்தார்கள். எங்கே இருந்தாலும் அது கேட்கும், அவள் அமுக்கலாம். இருபத்துமூன்று வருஷத்தில் முதல்முறையாக அவள் வெயிலில் நடந்தாள். பகல் பூசைக்குப் போனாள். கோயம்புத்தூரில் நர்ஸாக இருக்கிற மகளைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மஸ்கட்டில் இருக்கிற கணவர் வீடியோவில் பார்த்து, "ஒனக்க மொகத்துல ஒரு தெளிச்சம் உண்டு கேட்டியா" என்றார். அவள் வெட்கப்பட்டாள்.

நவம்பர் கடைசியில் ஊர்க் கோயில் திருவிழா. தேர் அலங்காரத்துக்குப் பூ வாங்குகிற பொறுப்பு அந்த வருஷம் பெண்கள் சங்கத்துக்கு வந்தது. "நான் போறேன்" என்று குளோரி கையைத் தூக்கினாள். அவளோடு எபிசனின் மனைவி ஜெப்சியும் கிளம்பினாள். விடியற்காலையில் தோவாளை சந்தை. பிச்சி, அரளி, கேந்தி, சம்பங்கி. ஜெப்சி பேரம் பேசப் பேச, வியாபாரி தலையில் அடித்துக்கொண்டான். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து வயிறு நோக, சாக்குகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள்.

எபிசன் கடலுக்குப் போய் ஆறு நாளாகியிருந்தது. "மைனி, இந்தத் தடவையும் தெக்கேதான். போன தடவய விட தூரமாட்டு" என்று போன வாரமே ஜெப்சி காதில் சொல்லியிருந்தாள். டைரியில் அது இருந்தது. டைரி கைப்பையில் இருந்தது. கைப்பை குளோரியின் காலடியில், பூச்சாக்குக்குக் கீழே.

நாகர்கோவிலில் பஸ் மாறியபோது நல்ல கூட்டம். எப்படியோ இரண்டு இடம் கிடைத்தது. குளோரியின் மடியில் ஈரத்துணி சுற்றிய பிச்சிப்பூ. இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள், நசுங்கினால் போயிற்றே! போன் ஜெப்சியின் கையில் இருந்தது. காலையிலிருந்தே மஞ்சள் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. சந்தையில் நின்றபடி குளோரி ஒரு முப்பது தடவையாவது அமுக்கியிருப்பாள். பஸ் ஆசாரிபள்ளம் தாண்டியதும் மறுபடியும் போன் அதிர்ந்தது.

"மைனி, இது கெடந்து துள்ளுது. கேள்வி கேக்குது. வாசிக்கவா?"

"வேண்டாம் மக்கா. அது காலத்தே தொடங்கினது. ஆம்ணு இருக்கும் பாரு, அமுக்கு."

ஜெப்சி அமுக்கினாள். அமுக்கிவிட்டுப் போனை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்த பரிசைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். அதன் பிறகு போன் வெகுநேரம் சும்மா இருந்தது. மஞ்சள் சும்மா இருந்தால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்றுதான் பொருள். குளோரி அப்படித்தான் பழகியிருந்தாள்.

கோயிலில் இறங்கி, பூவைத் தண்ணீர் தெளித்து வைத்து, பெண்களோடு உட்கார்ந்து மாலை கட்டினாள். மதியம் வெயில் திடீரென்று மங்கியது. கொடிமரத்துக் கயிறு படபடவென்று அடித்துக்கொண்டது. காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று குளோரி தலையை நிமிர்த்திப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து ஷாஜன் பைக்கில் வந்து இறங்கினார். முகமெல்லாம் சிரிப்பு.

"குளோரியக்கா! ஒங்க மஞ்சளு சாதிச்சிட்டு! தெக்கே பெரிய காத்து கெளம்புதுண்ணு பத்தரைக்கு அறிக்க வந்துது. பதினோரு மணிக்குள்ள இருவத்திநாலு படகுக்கும் சொல்லி முடிச்சிட்டு. எல்லாரும் கரையப் பாத்து ஓடி வந்திட்டு இருக்காவ. நீங்க இருந்தாக்கூட இவ்வளவு சீக்கிரமாட்டு முடியாது!"

பெண்கள் கை தட்டினார்கள். ஜெப்சியும் தட்டினாள்.

"இருவத்திநாலா?" என்றாள் குளோரி.

"ஆமா. தெக்கே நிக்கறது அவ்வளவுதானே. பாக்கி முப்பத்தெட்டும் மேக்கே, கெழக்கே. அவியளுக்கு ஒண்ணுமில்ல."

குளோரி எழுந்தாள். மடியிலிருந்த பூவெல்லாம் தரையில் கொட்டியது. கைப்பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். நாற்பத்தேழு வயதுக்காரி, செருப்பில்லாமல், மீன் வண்டிகளுக்கு நடுவில் ஓடுவதை ஏலக்கூடமே எழுந்து நின்று பார்த்தது.

திரை மஞ்சளாக, அமைதியாக இருந்தது. அதில் எழுதியிருந்தது: 'தெற்குப் பகுதியில் 24 படகுகளுக்கு எச்சரிக்கை சொல்கிறேன். மற்ற 38 படகுகள் பகுதிக்கு வெளியே இருப்பதால் சொல்லவில்லை. சரியா? — ஆம். நேரம் 10.52.'

டைரியைப் பிரித்தாள். அந்த முப்பத்தெட்டில் மூன்று பேர் உண்மையில் தெற்கே நின்றார்கள். மைக்கைப் பிடித்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். முதல் படகு இருபது நிமிஷத்தில் கிடைத்தது, திரும்பி வந்துகொண்டிருந்த ஒருவன் சொல்லிவிட்டான். இரண்டாவதும் கிடைத்தது. 'சகாயமாதா' கிடைக்கவில்லை.

ஏன் கிடைக்கவில்லை என்று அவளுக்கு உடனே புரிந்தது. அது புரிந்த அந்த நிமிஷத்தை அவள் சாகிற வரை மறக்க மாட்டாள். எச்சரிக்கை கேட்ட இருபத்துநாலு படகும் கரையைப் பார்த்துக் கிளம்பிவிட்டன. எபிசனுக்கும் கரைக்கும் நடுவில் சொல்லை வாங்கிச் சொல்ல ஒரு படகும் இல்லை. பதினோரு மணிக்கு அவன் பெயரையும் சேர்த்துச் சொல்லியிருந்தால், பக்கத்தில் நின்றவன் திரும்புவதற்கு முன்னால் அவனுக்குச் சொல்லிவிட்டுத் திரும்பியிருப்பான்.

"எபிசா! சகாயமாதா, சகாயமாதா! எபிசா, அக்கா பேசுறேன் மக்கா! கேக்குதா? வடக்கே திரும்பு மக்கா!"

இரைச்சல்தான் பதில். இருட்டுகிற வரை அவள் கூப்பிட்டாள். குரல் உடைந்தது, பிறகு குரலே இல்லை. மஞ்சள் அருகில் இருந்தபடி ஒரு கேள்வி கேட்டது: 'பதில் வராத படகை இன்னொரு தடவை கூப்பிடட்டுமா?'

தேடுவதற்கு அதிகாரிகளிடம் உண்மையான இடத்தை அவள்தான் சொன்னாள். கப்பலும் ஹெலிகாப்டரும் அந்த இடத்துக்கே போயின. ஐந்தாம் நாள் ஐஸ் பெட்டியின் மூடி ஒன்று கிடைத்தது, 'சகாய' என்ற மூன்று எழுத்தோடு. படகில் ஒன்பது பேர். ஒருவரும் வரவில்லை. திருவிழாத் தேர் அந்த வருஷம் இறங்கவில்லை. தோவாளைப் பூ கோயில் வராந்தாவில் கிடந்து அழுகியது.

பிறகு சங்கத்தில் கூட்டம். சுஜின் முகம் வெளிறிப்போய் வந்து, மஞ்சள் செய்ததை நேரம் நேரமாகப் படித்தான். "அது தப்பா ஒண்ணும் செய்யல. குடுத்த எடத்த வச்சிச் செஞ்சுது. செய்யதுக்கு முன்ன கேட்டுது. பத்து அம்பத்திரெண்டுக்கு ஆம்ணு பதில் வந்திருக்கு" என்றான்.

"யாரு அமுக்கினா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"நான்" என்றாள் குளோரி.

பெண்கள் பக்கத்தில் ஜெப்சி தலையில் துண்டு போட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கேட்டாளா இல்லையா என்று தெரியவில்லை.

எபிசன் கொல்லத்துக்கு மேற்கே நிற்கிறதாகத்தானே சொன்னான், அப்படியிருக்க தெற்கே எப்படிப் போனான் என்று ஒருவரும் கேட்கவில்லை. அறுபது ஸ்ராங்குகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ரிஜோ தீப்பெட்டியை உருட்டிக்கொண்டிருந்தான். குளோரி டைரியை எடுத்து மேசையில் வைத்தாள். "இனியாவது உள்ளத சொல்லுங்க மக்களே. இதுலயே எழுதித் தாங்க" என்றாள். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. டைரியை யாரும் தொடவில்லை. எதிரியின் வலையைத் தொடுவதுபோல ஒதுங்கி நின்றார்கள்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கேட்கக் கேட்க மனுஷன் அமுக்கத்தான் செய்வான், அதனால் கேட்கிற மஞ்சள் வேண்டாம், கேளாமல் செய்கிற நீலம் வரட்டும். கள்ளக்கடலுக்கு எட்டுப் படகைக் கரைக்குக் கூப்பிட்ட அதே நீலம்! ஷாஜன் குளோரியைப் பார்த்தார். தேர்ந்தெடுக்கிற யோக்கியதை தனக்கு இல்லை என்று அவள் நினைத்தாள்.

மறு வாரம் படகுகள் இறங்கின. மாலையில் அவள் ரிஜோவைக் கூப்பிட்டாள். "கொளச்சலுக்கு நேர் தெக்கே, நாப்பது" என்றான். காலையில்தான் அவன் மனைவி கதவைச் சாத்திவிட்டு வேறு இடத்தைச் சொல்லிப் போயிருந்தாள்.

"ரிஜோ, உள்ளத சொல்லு மக்கா. ஒனக்கக் காலப் பிடிக்கேன்."

"நாப்பதுதான் அக்கா" என்று மறுபடியும் வந்தது. மேப்பைத்தான் எல்லாரும் போனில் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே. அவன் சொன்னதையே அவள் நீலத்தில் எழுதினாள், உண்மையை டைரியில் எழுதினாள். அன்றிலிருந்து அவள் அந்த அறையை விட்டு இறங்குவதில்லை. பகல் பூசை இல்லை, கோயம்புத்தூர் இல்லை. நீலம் எப்போது எதைச் செய்யுமோ என்று அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

முப்பதாம் நாள் பூசைக்கு மட்டும் இறங்கினாள். பூசை முடிந்து, வந்தவர்களெல்லாம் போன பிறகு, தம்பி வீட்டு அடுக்களையில் ஜெப்சியும் அவளும் மட்டும் இருந்தார்கள். ஜெப்சி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமலே கேட்டாள்.

"மைனி, அண்ணைக்கு பஸ்ஸுல நான் ஒண்ணு அமுக்கினேன்லா. அது என்னது?"

குளோரியிடம் பதில் ரெடியாக இருந்தது. முப்பது நாளாக ரெடியாக வைத்திருந்தாள். இருபத்துமூன்று வருஷம் கடலிலிருந்து எத்தனை பொய் கேட்டிருக்கிறாள், ஒரு நடுக்கமும் இல்லாமல் எப்படிச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியாதா!

"அது பூக்கடக்காரனுக்க மெசேஜு மக்கா. பிச்சி இன்னும் வேணுமாண்ணு கேட்டிருந்தான்."

ஜெப்சி குழாயை மூடினாள். கையைச் சேலையில் துடைத்தாள். வலது கைப் பெருவிரலை மட்டும் இரண்டாம் தடவையும் துடைத்தாள்.

"திரை மஞ்சளாட்டுல்லா கெடந்துது, மைனி" என்றாள்.